பட்டியை மீறி வந்த பழுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹால் கடிகாரம் நின்றுபோனது. பேட்டரி மாற்ற நாற்காலி போட்டு ஏறியவள், கழற்றிய கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அது மாட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளை. சுற்றியிருந்த சுவர் முழுக்கக் காய்ந்த டீக்கறை நிறம். பதினோரு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு அடித்தது வெள்ளை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தெருவில் அவளைச் செக்கிங் அக்கா என்பார்கள். துணி ஃபேக்டரியில் தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்து, கறையும் பிசிறும் பார்த்து ஒதுக்கும் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். "அக்கா கையில குடுத்தா நிலாவையே கறை இருக்குன்னு திருப்பி அனுப்பிடும்" என்று தையல் மேஜையில் பேசிக்கொள்வார்கள்.

சுவரில் விரலை இழுத்துப் பார்த்தாள். பிசுபிசுத்தது. முகர்ந்தாள். கழுவாத ஆஷ்ட்ரேயில் மூக்கை வைத்ததுபோல் குமட்டிக்கொண்டு வந்தது.

"இதென்னங்க இது?"

அவள் கணவர், பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். காற்று ஒத்துக்கொள்ளாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பிடிப்பார்.

"எது? சுவரா? பழசானா எல்லாம் அப்படித்தான். நீயும் நானும் ஆகல?" வாயில் இருந்ததை எடுக்காமலே சிரித்தார்.

மறுநாளே ஒரு பெயின்டரை வரவழைத்தாள். "சுவர்ல ரெண்டு கை பட்டி மாவு இழுத்து, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்மா" என்றார் அவர். முதலில் படுக்கையறை. மூன்று நாளில் முடித்தார், நிஜமாகவே கண்ணாடிதான். ஐந்தாம் நாள் சீலிங்கில், ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அடுத்த நாள் ஏழு. வாரம் முடிவதற்குள் வேர்வை ஊறிய பனியன்போல் சீலிங் முழுக்கத் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது.

"ஓதமா இருக்கும்மா" என்றார் பெயின்டர் போனில்.

"மழையே இல்ல, மேல மாடியும் இல்ல. ஓதம் எங்கேருந்து வரும்?"

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

பெயின்ட் கடைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல சிகரெட் பிடிக்கிறவங்க உண்டா?" என்றார். கூசிப்போய்த் தலையாட்டினாள். "அந்தக் கறை எண்ணெய் மாதிரிம்மா. கழுவாம எத்தனை பட்டி வச்சாலும் உள்ளேருந்து ஏறி வரும். எல்லாத்தையும் சுரண்டுங்க. சோப்புத் தண்ணியில கழுவி, கறை அடைக்கிற பிரைமர் அடிங்க. அப்புறம்தான் பட்டி."

இனி ஒருத்தரையும் கூப்பிடுவதாக இல்லை. ஏணியையும் சுரண்டும் தகட்டையும் அவளே வாங்கி வந்தாள். இரண்டு நாள் சுரண்டினாள். மூன்றாம் நாள் ஸ்பாஞ்சை நனைத்துச் சீலிங்கில் வைத்ததும் பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு இறங்கியது. மூக்குக்கண்ணாடியில் சொட்டியது. ஒரு சொட்டு நேராக உதட்டில் விழுந்தது. கசப்பு. ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்றே தெரியாது. நாலு முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை. வாளித் தண்ணீர் கறுத்துப்போயிருந்தது. கணவர் நெஞ்சுக்குள் போய்த் திரும்பி வந்தது இது. இதற்குக் கீழேதான் இத்தனை வருஷமும் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள்.

அன்றைக்கு மகளுக்குப் போன் செய்தாள். "நீ ஏன் இப்பல்லாம் ராத்தங்காம ஓடிடுற? உண்மையைச் சொல்லு."

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்துட்டுப் போனா பாப்பாவுக்கு இருமல் நிக்க மாட்டேங்குதும்மா. துணியெல்லாம் ரெண்டு தடவை துவைக்க வேண்டியிருக்கு. உன் புடவையிலகூட அந்த வாடைதான். எப்படிம்மா சொல்றது?"

ஃபேக்டரியில் பக்கத்து மேஜைக்காரி ஒருநாள் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. திமிர் பிடித்தவள் என்று வருஷக்கணக்கில் திட்டியிருந்தாள் இவள். அவள் போனது இந்த வாடைக்குத்தான் என்று இப்போது புரிந்தது. சுவரைவிடத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாலு வாரம் ஆயிற்று. கழுவிக் காயவைத்து, பிரைமர் அடித்து, அகலத் தகட்டால் பட்டியை மெல்லிசாக இழுத்தாள். முதல் கை வரப்பும் பள்ளமுமாகத்தான் வந்தது. டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தால் மேடெல்லாம் நிழல் காட்டிக்கொடுக்கும்; அங்கெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து இரண்டாம் கை இழுத்தாள். வெள்ளை அடித்துப் பத்து நாள் காத்திருந்தாள். ஒரு புள்ளிகூட வரவில்லை.

பார்க்க வந்த டைம்கீப்பரைப் படுக்கையறை வாசற்படியிலேயே மறித்தாள். "குளிச்சு, சட்டை மாத்திட்டு வாங்க. இல்லன்னா ஹால்லயே படுத்துக்கோங்க."

"என் வீட்டுல நானே கேட்டுட்டுத்தான் உள்ள வரணுமா?"

"ஆமா."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "பெரிய வித்தை! ஹாலை நான் கழுவுறேன் பாரு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். பத்து நிமிஷத்தில் இறங்கி வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாளியைப் பார்த்தபடி நின்றார்.

"இதெல்லாம் என்னோடதா?"

"என்னோடது இல்ல."

மறுபடி ஏறி ஃபேன் வரைக்கும் கழுவினார். "மிச்சம் நாளைக்கு" என்று இறங்கினார்.

இது நடந்து ஐந்து மாசம். மகள் குழந்தையோடு வந்து படுக்கையறையில் இரண்டு ராத்திரி தங்கிப் போனாள். டைம்கீப்பர் இப்போது கேட்டுக்கு வெளியே நின்று பிடிக்கிறார். கணக்கு மட்டும் குறையவில்லை. ஹால் சீலிங் பாதி வெளுப்பும் பாதி பழுப்புமாக அப்படியே நிற்கிறது.

"உனக்குத்தான் கை பழகிடுச்சே, மிச்சத்தையும் நீயே முடிச்சிடேன்" என்று போன வாரம் கொஞ்சலாகக் கேட்டுப் பார்த்தார்.

"வாளி பாத்ரூம்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.