காற்றில்லாத நாளிலும் வரும் செய்தி

என்னோடு வேலை செய்த றிபாயா போய்விட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, துறைமுக வீதியில் எங்கள் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றே கிண்ணியாவில் அடக்கம் செய்தார்கள். அவரை அறிந்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நாங்கள் இருவரும் பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதிய சின்ன நிரல் ஒன்று, காற்றுப் பலக்கும் நாட்களில் சல்லிக் கிராமத்து மீனவர்களின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். ஒருநாள் வானிலைத் தரவு வந்து சேரவில்லை. அப்படி வராவிட்டால், நிரல் நிற்காமல் அந்தப் பிழையை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்படி றிபாயா எழுதியிருந்தார். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனம்தான். எச்சரிக்கை வராததால் காற்றில்லை என்று நம்பித் தோணிகள் போயின. நடுக்கடலில் காற்றுப் பிடித்தது; எல்லாரும் நனைந்து நடுங்கி ஒருவாறு கரை சேர்ந்தார்கள். றிபாயா மேசைக்கு முன்னால் தன் கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு அந்த வரிகளை அழித்தார். "புரோகிராம் விழட்டும், ஆனா சத்தம் போட்டு விழட்டும்" என்றார். அதோடு விடவில்லை. காற்றில்லாத நாளிலும் விடிய ஒரு செய்தி போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்: "இன்று பயமில்லை." வீண் செலவு என்று நான் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. செய்தி வராவிட்டால் கடலுக்குப் போகவேண்டாம் என்று சல்லிக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, சல்லியிலிருந்து தோணிக்காரர் சின்னராசா அண்ணன் போனில் கோல் எடுத்தார்.

"தம்பி, பிள்ளை மோசம் போயிட்டுது எண்டு கதைக்கிறாங்கள். பொய்தானே? விடிய மெசேஜ் வந்ததே."

இத்தனை காலமும் றிபாயா விடிய எழும்பி, கடலைப் பார்த்து, தன் கையால் எழுதி அனுப்புகிறார் என்றே அவர் நினைத்திருக்கிறார். அது கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது என்றேன்.

"அப்ப இனி ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன் அண்ணே."

றிபாயாவின் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. வேறு ஆள் எடுக்க மனம் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு வேலைதான். செய்தி போகுமுன் எழும்பி, தரவு வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு கரைக்குப் போய் ஒருதரம் கடலையும் பார்க்கிறேன். நிரலுக்கு அது தேவையில்லை. சின்னராசா அண்ணன் நம்பியிருந்தது பொய்யாகிவிடக்கூடாது.