மாமாவைப் பட்டாளத்துக்காரராக்கிய நாள்

பள்ளி விழாவில் பேச என் மகள் எழுதி வைத்திருந்த தாளைப் போன வாரம் வாசித்தேன். தன் தாத்தா செய்யாத இரண்டு காரியங்களைச் செய்ததாக எழுதியிருந்தாள். "கொஞ்சம் சேர்த்துச் சொன்னா என்னம்மா?" என்றாள். நான் கத்திய கத்தலில் அழுதுவிட்டாள்.

அவள் வயதில் நானும் ஒரு மேடையில் சேர்த்துச் சொன்னேன்.

என் தாய்மாமா எங்கள் மலையில், திருப்புலி நாடு என்ற ஊர்ப்பகுதியில் மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, மலையில் இருந்த வயதான பட்டாளத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேரை பஸ்ஸில் ஏற்றிக் கீழே நினைவுத்தூணுக்கு அழைத்துப் போவார். அவர்களோடு சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அந்தத் தூணில் வெட்டப்பட்டிருந்தன. மாமாவை யாரும் ஏவவில்லை. மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்குவதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். மாமா ஒரு தகர டப்பாவோடு சீட்டுக்குச் சீட்டு ஓடுவார். "டப்பாக்காரரே, இந்தப் பக்கம் வாங்க சாமி!" என்று கண்டக்டர் கூவியது எங்கள் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. "உங்க மாமா பட்டாளத்துல டப்பா கழுவுனாராடி?" என்று பிள்ளைகள் கேட்டுச் சிரித்தார்கள்.

சுதந்திர தினத்தன்று பள்ளியில் மாமாவுக்குச் சால்வை போடுவதென்று முடிவானது. வரவேற்புரை எனக்கு. தலைமையாசிரியர் திருத்திக் கொடுத்த தாளில் இல்லாத ஒரு வரியை நானே சேர்த்தேன்: எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றவர் என் மாமா.

பலத்த கைதட்டல். சால்வை போட எழுந்தவர் எடப்புளி நாட்டுப் பெரியவர், பழைய பட்டாளத்துக்காரர். கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. தூணில் அவருடைய கூட்டாளியின் பெயர் இருக்கும் இடத்தில், மாமாதான் அவர் விரலைப் பிடித்து வைப்பார். பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, இத்தன வருசமா எங்கிட்டயே சொல்லலீங்களே! எந்த ரெஜிமெண்ட்டுங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"எதுவுமில்லீங்க. நான் பட்டாளத்துக்கே போனதில்லீங்க. பெருமைக்குப் புள்ளகிட்ட நாந்தான் அப்படிச் சொல்லி வெச்சேன்."

சால்வை பெரியவர் கையிலேயே தொங்கியது. "செத்தவனுங்கள வெச்சுப் பெருமையா? உன்ற கையப் புடிச்சா நான் அவன் பேரத் தொட்டேன்?" என்றவர், தடவித் தடவி மேடையை விட்டு இறங்கினார். தாங்கப் போன மாமாவின் கையைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா என்னை ஒன்றும் கேட்கவில்லை. "காலு வலிக்குதா கண்ணு?" என்றதோடு சரி. அந்த வரியைச் சேர்த்தது நான்தான் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அடுத்த வருடப் பயணத்தன்று மாமா விடிந்ததிலிருந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஒருவரும் வரவில்லை. மதியம் திரும்பி வந்து, சாப்பிடாமல் மிளகுக் கொடி கட்டப் போய்விட்டார். பயணமே நின்றுபோனதால், இனி என்னை யாரும் டப்பாக்காரர் வீட்டுப் பிள்ளை என்று கேலி செய்ய மாட்டார்கள் என்று எனக்கு உள்ளூர நிம்மதி. மாமாவுக்கு ஒரு சால்வை போயிற்று, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அதே நேரத்தில் எடப்புளி நாட்டில் கண் தெரியாத ஒருவர், தன் கூட்டாளியிடம் போக வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.