முகம் பார்க்காத காளையின் மகள்

கல்யாணச் சீதனமாகப் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து என்னோடு ஒரு மாடும் லோரி ஏறி, ஈஜோக் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே ஒரு மாடு இருந்தது. அவருக்கு அது ‘எங்க மாடு’. என்னுடையது ‘ஒங்க மாடு’. வாளி நிறையக் கறக்கும் பெருமை முழுக்க அவருடையதற்குத்தான்.

இரண்டும் கிடேரி ஈன்று, அவை வளர்ந்து நின்ற சமயம், வீட்டுக்கு மூன்று மாடுதான் என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். ஒரு கிடேரியை விற்றாக வேண்டும்.

“இதுல யோசிக்க என்னா இருக்கு? தாய் கறக்கறதப் பாரு. ஒங்க கெடேரிதான் போவணும் லா” என்றார் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டு மாட்டின் வாரிசை அவ்வளவு லேசில் விடுவேனா? அவர் கிடேரிக்குத் தகப்பன் தோட்டத்துக் காளை. என்னுடையது சினை ஊசி போட்டுப் பிறந்தது. அதே காளையின் ஊசியில் பிறந்த பசுக்கள் லயத்தில் பல வீடுகளில் கறந்துகொண்டிருந்தன. வீடு வீடாகப் போய், மகள் தாயைவிடக் கூடக் கறக்கிறதா என்று கேட்டேன். ஒரு வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் ஆமாம் என்றார்கள்.

வந்து சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மொகமே பாக்காத காளைய நம்புறியா?”

“ஒங்க மாட்டுப் பாலுல பாதி செகிஞ்சான் தவிடு! எம்மாட்டுக்கு என்னைக்காச்சும் ஒரு பிடி போட்டீங்களா? ரெண்டுக்கும் ஒரே மாதிரி போடுங்க, பாப்போம்.”

அவர் செகிஞ்சான் அரிசி ஆலைக்கு லோரி ஓட்டியவர், தவிட்டுக்குப் பஞ்சமில்லை. ரோஷக்காரர், போட்டார். சில வாரங்களில் இரண்டு மாட்டுப் பாலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. “தாய் ரெண்டும் சமம்னா, இனி காளைதான் கணக்கு” என்றேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கிடேரியை விற்றார்.

அதன் பிறகு எனக்குத்தான் கவலை. என் கிடேரி ஏமாற்றினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே!

அது கன்று போட்டு, சீம்பாலை லயம் முழுக்கக் கொடுத்து முடித்தபின் ஒரு காலையில் கறக்க உட்கார்ந்தேன். வாளி நிறைந்தும் மடி வற்றவில்லை.

“இன்னொரு வாளி கொண்டாங்க!” என்று கத்தினேன்.

குளிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியோடு ஓடி வந்தார். வாயைத் திறந்தபடி பார்த்து நின்றவர், செம்பனைப் பழம் வெட்டப் போய்க்கொண்டிருந்தவர்களை வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

“இங்க வந்து பாருங்க லா! எங்க மாட்டோட மவ எப்படிக் கறக்குதுன்னு!”

எங்க மாடாம். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததில்லை.