அறுபத்து நாலு வால்வுகள்

அந்த ஏழு மாடி விடுதியில் மொத்தம் அறுபத்து நாலு வால்வுகள். எது எந்த மாடிக்கு என்று ஒன்றின் பக்கத்திலும் எழுதியிருக்காது. எழுத விட்டால்தானே. இருபத்திரண்டு வருஷமாக அங்கே தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கும் வால்வக்கா அத்தனையையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தாள். இன்னொருத்தன் வந்து தன் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்கிற கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன.

அப்படிப்பட்டவள் போன மாதம் மூன்றாம் மாடிக்குப் பதிலாக நாலாம் மாடியை மூடிவிட்டாள். தலை நிறைய சோப்பு நுரையோடு பதினோரு பேர் வராந்தாவில் நின்று அவளைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். பதினைந்தே நாளில் மறுபடியும் அதே கூத்து. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை நினைத்தால் போடுவாள், இல்லாவிட்டால் இல்லை. மகள்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூளையில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் இருக்கும் வேண்டாததை மூளைக்குள் விடாமல் தடுக்கும். சர்க்கரை வருஷக்கணக்காக ஏறியே கிடந்தால் அந்த ஒட்டு தளர்ந்து கசியலாம், மறதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் அடைத்தவளுக்குத் தன் தலைக்குள்ளேயே கசிவா?

“வாஷர் போயிடுச்சுங்கறீங்க. மாத்த முடியாதா?”

“மாத்த முடியாதும்மா. சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வெச்சா, மேல மேல கெடறதைக் குறைக்கலாம்.”

வேலையை விட்டுவிடச் சொல்லி மகள் வழியெல்லாம் மன்றாடினாள். மறுநாள் வால்வக்கா மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிட்டு, பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக விடுதிக்குப் போனாள். இந்தத் தடவை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்துச் சுவரில் அது எந்த மாடிக்கு என்று சிவப்புப் பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதி, மூடித் திறந்து பார்த்தாள். மூன்று நாள் பிடித்தது. இரண்டு இடத்தில் அவள் நினைவு தப்பென்று தண்ணீர் காட்டிக்கொடுத்தது. அவமானமாக இருந்தது. இருந்தாலும் அழித்துவிட்டுச் சரியாக எழுதினாள்.

சாப்பாடு கொண்டுவந்த மகள் சுவரைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? இனிமே யார் வேணும்னாலும் வந்து இந்த வேலையைச் செஞ்சிடலாமே.”

வால்வக்கா சுவரில் இருந்ததை ஒருமுறை படித்தாள். மூன்றாம் மாடி வால்வைத் திருகி மூடினாள்.

“செய்யட்டும். யார் வேணும்னாலும்னா, அதுல நானும் உண்டு.”