பால்காரர் பிள்ளைக்குப் பால் ஆகாது

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சைக்கிளில் பால் கொண்டுபோன பலவேசத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் பாலை மட்டும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. "தண்ணியா இருக்கே" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், தூக்குவாளியை டங்கென்று கீழே வைப்பார். "தொழுவத்துக்கு வந்து செவலை மடியிலயே வாயை வச்சுப் பாருங்க!" செவலை அவருடைய மாடு. தொழுவத்தில் நின்ற ஐந்தில் அதற்குத்தான் ராஜ மரியாதை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசியில், ஒரு பெண் பிறந்தது. உலகம்மாள் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் முகம் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதமே தாய் ஆவுடைத்தாய் காய்ச்சலில் விழுந்தாள். எழுந்தபோது அவளுக்குத் தாய்ப்பால் வற்றிப் போயிருந்தது.

"பால்காரன் வீட்டுல பாலுக்கா பஞ்சம்?" என்றார் பலவேசம். செவலைப் பாலைக் காய்ச்சி, பிள்ளைக்காகக் கொஞ்சம் தண்ணீர் விளாவி, சங்கில் புகட்டினார்கள். அவர் வாழ்நாளில் பாலில் தண்ணீர் கலந்தது அது ஒன்றுக்குத்தான்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். குடித்ததெல்லாம் திரும்பி வாய் வழியே வந்தது. வயிறு உப்பி, நாளைக்குப் பத்துத் தடவை பச்சையாகப் போனது. பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளின் பையனும் அதே மாசிதான், அதே செவலைப் பால்தான். அவன் நாலாம் மாதம் முடிவதற்குள் குப்புற விழுந்தான். கோமதியம்மாள் வழக்கப்படி கொழுக்கட்டை அவித்துத் தெருவெல்லாம் கொடுத்தாள்.

"ஒம்மவ எப்பட்டி குப்புற விழுவா?" என்று அவள் கேட்டது என்னவோ சாதாரணமாகத்தான். ஆவுடைத்தாய்க்கு அந்தக் கொழுக்கட்டை தொண்டையில் இறங்கவில்லை. உலகு குப்புற விழுவதாவது! நின்றிருந்த கழுத்தே தளர்ந்து, தோளில் போட்டால் துணி மாதிரிக் கிடந்தாள்.

தீட்டுப் பட்ட சீர்தட்டு என்று திருநீறு போட்டார்கள். வயிற்றில் ஏதோ தங்கிவிட்டதென்று தொக்கம் எடுக்கிறவளிடம் தூக்கிப் போனார்கள். பல் முளைக்கப் போகிறது என்றும் சொன்னார்கள். பாலை ஒருவரும் சந்தேகப்படவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

ஆனி மாதம் செவலைக்கு மடி வீங்கி நான்கு நாள் கறக்க முடியவில்லை. வேறு மாட்டுப் பால் கொடுக்கப் பலவேசத்துக்கு மனம் ஒப்பவில்லை. "எதையாவது காய்ச்சிக் கொடு" என்றார். ஆவுடைத்தாய் புளியறையில் பிறந்தவள். அங்கே ஏத்தங்காய் என்கிற நேந்திரன் வாழைக்காயைச் சீவி, வெயிலில் காயவைத்து இடித்த மாவில் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சுவார்கள். அதைச் செய்து கருப்பட்டி போட்டு ஊட்டினாள். மூன்றாம் நாள் போக்கு நின்றது. ஐந்தாம் நாள் செவலை கறந்தது. ஒரு சங்குதான் கொடுத்தாள், மறுபடியும் பச்சை.

"இந்தாருங்க, பிள்ளைக்குப் பால்தான் ஆகலை."

"யார்கிட்டட்டி சொல்லுத? பக்கத்து வீட்டுல அதே பாலைக் குடிச்சிட்டு அவன் நீச்சலடிக்கான். இது வெளிய தெரிஞ்சா எவன் என்கிட்ட பால் வாங்குவான்?"

ஆவுடைத்தாய் அன்றிலிருந்து அவருக்குத் தெரியாமல் கூழை மட்டும் ஊட்டினாள். பிள்ளைக்கு வைத்த பாலை கொல்லையில் முருங்கை மரத்து மூட்டில் கொட்டினாள். பத்து நாளில் கழுத்து நின்றது. "பாத்தியா, செவலைப் பால் வேலை செய்யுது!" என்று சிரித்தார் அந்தப் புண்ணியவான்.

ஒருநாள் உச்சிவேளையில் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கொல்லையில் அவள் பாலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பலவேசம் பிள்ளையை மடியில் கிடத்தி, சங்கை எடுத்துத் தன் கையாலேயே புகட்டினார்.

"ஊத்துங்க, நல்லா ஊத்துங்க" என்றாள் ஆவுடைத்தாய். "சாகப்போறவுக வாயிலதான் இப்படிப் பால் ஊத்துவாவ."

அவர் கை ஒரு கணம் நின்றது. பாழாய்ப் போன வீம்பு! மிச்சத்தையும் புகட்டி முடித்தார்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. கக்கினாள். துணியில் ரத்தம் கண்டது. கண் செருகிக் கைகால் துவண்டது. பலவேசம் சட்டைகூடப் போடாமல் பிள்ளையை ஏந்திக்கொண்டு கடைத்தெரு வழியே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னால் ஆவுடைத்தாய் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், "என்ன கொடுத்தீங்க?"

அந்தச் சொல் அவர் வாயில் வரவே மாட்டேன் என்றது. "பால்" என்றார். "நான்தான் ஊத்துனேன்."

இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் உலகு கண் விழித்து அப்பன் விரலைப் பிடித்தாள். சில பிள்ளைகளுக்குப் பால் ஆகாது, கூழையே கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. எட்டாம் மாதம் உலகு குப்புற விழுந்தாள். அன்றைக்குக் கொழுக்கட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர் பலவேசம்தான். பதினைந்தாம் மாதம் நடந்தாள்.

அடுத்த சீசன். குற்றாலத்தில் ஒரு பங்களாவில் மதுரைக்காரப் பெண் ஒருத்தி, வீறிட்டு அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரத்தை நீட்டினாள். பிள்ளையின் வயிறு உப்பியிருந்தது.

"குடிச்சதெல்லாம் கக்குறான், பச்சையாப் போகுது. தெம்புக்கு இன்னும் ஒரு உழக்கு கூட ஊத்துங்கண்ணே."

பலவேசம் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பங்களா வாசலில் இன்னும் நாலு பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். சொன்னால் குற்றாலம் முழுக்கப் பரவிவிடும். வாளியை மூடினார்.

"பிள்ளைக்குப் பாலை நிறுத்திப் பாருங்க தாயி. எம்மவளுக்கும் ஆகலை. நாளைக்கு ஏத்தங்காய் மாவு கொண்டாரேன், கூழ் காய்ச்சிக் கொடுங்க."

"பால்காரர் பிள்ளைக்கே இவர் பால் ஆகலையாம்" என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே மூன்று பங்களாக்கள் வேறு ஆளிடம் பால் வாங்கின. பலவேசம் மாவுப் பொட்டலத்தோடு போனார்.

பத்தாம் நாள், சாரலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரை அந்தப் பெண் ரோட்டுக்கே ஓடிவந்து மறித்தாள். இடுப்பில் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, என் வயித்துல பாலை வார்த்தீங்க!"

"ஐயோ தாயி, அதை மட்டும் சொல்லாதீங்க" என்றார் பலவேசம். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.