வெறுங்காலுக்கு ஒத்துவராத லூப் பெடல்

திருவனந்தபுரத்தில் நான் பாடிக்கொண்டிருந்த கானமேள என்கிற மெல்லிசைக் குழுவின் முதலாளி, இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்தில் வளைகுடாவிலிருந்து ஒரு லூப் பெடல் வரவழைத்தார். காலால் மிதித்தால், மைக்கில் பாடியதைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெட்டி அது. பிடிக்க ஒரு பொத்தான், அதையே மறுபடி மிதித்தால் பிடித்தது ஒலிக்கத் தொடங்கும்; நிறுத்த இன்னொரு பொத்தான். இரண்டும் ஆணித்தலை மாதிரி ஒரே அச்சு இரும்புக் குமிழ்கள், ஒட்டி ஒட்டி இருக்கும். அதை வடிவமைத்த மகானுக்கு, உலகத்தில் எல்லோரும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் பாடுவார்கள் என்று நினைப்பு. நாங்களோ கோயில் திருவிழா மேடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்கள்.

பெருவிரல் கன்றிப்போனதும், பழைய ரப்பர் செருப்பை அறுத்து, நிறுத்தும் பொத்தானில் தடிமனாகவும் மற்றதில் மெல்லிசாகவும் ஒட்டினேன். குனிந்து பார்க்காமலே கால் கண்டுபிடித்துவிடும். முதலாளி அதைப் பிய்த்தெறிந்தார்.

"வெளிநாட்டு மெஷின்ல செருப்பா? காண கொள்ளாது, கேட்டோ. மேனுவல்ல எல்லாம் உண்டு. வாயிச்சா மதி."

பார்க்க நன்றாயில்லையாம், மேனுவலை வாசித்தால் போதுமாம். அந்த மேனுவலின் உறையைக்கூட அவர் பிரித்ததில்லை.

அடுத்த திருவிழாவில், எனக்குக் காட்டித்தருவதாகச் சொல்லி அவரே வெறுங்காலோடு பெட்டிமுன் நின்றார். பிடிக்கும் பொத்தானை ஓங்கி மிதித்தவர், "அய்யோ, என் வெரலு!" என்று மைக்கிலேயே அலறினார். பதறிப்போய் மறுபடி மிதித்ததும் அதே பொத்தானைத்தான். அந்த அலறலைப் பெட்டி தாளம் தப்பாமல் பாடத் தொடங்கியது. கூட்டம் கைதட்டியது.

"எடே, நிறுத்துடே!" என்றார், ஒற்றைக்காலில் நின்றபடி.

"மேனுவல்ல எல்லாம் உண்டு அண்ணாச்சி," என்றேன். "வாயிச்சா மதி."