அழுத்தக் கூடாத ரேசர்

எங்கள் வீட்டில் இரண்டு ரேசர்கள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது. நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் ஊரான மெர்லிமாவ் பசாரில் பழைய சாமான் விற்ற சீனரிடம் வாங்கியது. கனத்த பித்தளை. பிளேடுக்கும் அதன் கீழே சீப்புப் பல் வைத்த தகட்டுக்கும் நடுவில் ஓர் அரிசி நுழைகிற அளவுக்கு இடைவெளி. அப்பா பரம சாது. தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவர் விழுங்கிய கோபமெல்லாம் அந்த ரேசருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது என் கணிப்பு.

இன்னொன்று என்னுடையது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா கொடுத்த பயண ரேசர். கைப்பிடி இரண்டாகக் கழலும், தலை தனியாக வரும், எல்லாம் சிகரெட் பெட்டி அளவுத் தோல் பெட்டிக்குள் அடங்கும். அழகுக்குக் குறைவில்லை. சவரம்தான் செய்யாது. பிளேடு வெளியே எட்டிப் பார்க்கவே வெட்கப்படும். கப்பலில் ஆடிக்கொண்டே சவரம் செய்யும் துரைமார்களுக்காகச் செய்ததாம். நான் போய்வந்ததோ மெர்லிமாவுக்கும் டுரியான் துங்காலுக்கும் நடுவில். டுரியான் துங்காலில் எனக்குக் குமாஸ்தா வேலை, வாடகை அறை. காலையில் அந்த ரேசரைத் தாடையில் வைத்து அழுத்தி அழுத்தி இழுத்தால்தான் பாதித் தாடியாவது போகும். கைக்கு அதுவே பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லூபோக் சீனா என்ற ஊருக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. முன்பு பார்த்த இரண்டு வீட்டிலும் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவிவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. அந்தப் பதற்றத்தில், அறையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியபோது பயண ரேசரைப் பயணத்துக்கு எடுத்துவர மறந்துவிட்டேன்.

அப்பா தன்னுடையதைக் கொடுத்தார். "அழுத்தாதடா. சும்மா வச்சாலே போதும்" என்றார். இத்தனை வருடம் சவரம் செய்கிற எனக்கா பாடம் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன். வலப்பக்க மீசையில் கால்வாசி காணாமல் போனது. அதற்குச் சமமாக இடப்பக்கம் எடுத்தேன், அது கொஞ்சம் கூடிவிட்டது. மறுபடியும் வலம், மறுபடியும் இடம். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாயிற்று, ஒன்றுமே இல்லாமல்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் மீசையை எடுப்பது ஒரே காரணத்துக்குத்தான். அப்பா இறந்திருக்க வேண்டும்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். "நான் இன்னும் இருக்கேன்டா" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். வாடகைக் கார் வாசலில் நின்றது. அங்கே பெண் வீட்டில் வடைக்கு மாவு அரைத்திருப்பார்கள். கிளம்பினோம்.

லூபோக் சீனாவில் நானும் அப்பாவும் முதலில் இறங்கினோம். வாசலுக்கு வந்த பெண்ணின் பெரியப்பா என் உதட்டுக்கு மேலே பார்த்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்ப தம்பி ஆச்சு? ஒரு வார்த்த சொல்லலையே."

பழத்தட்டோடு நின்ற அப்பா, "நாந்தாங்க அப்பா" என்றார்.

"சித்தப்பாவும் அப்பா மாதிரிதாங்க" என்று பெரியப்பா அவருக்கும் ஆறுதல் சொன்னார்.

அம்மா பொட்டும் தாலியுமாகக் காரிலிருந்து இறங்கிய பிறகுதான் அப்பா உயிரோடு இருப்பது ஊர்ஜிதமாயிற்று.

உள்ளே யாரோ "இது நல்ல சகுனம் இல்லலா" என்று முணுமுணுத்தார்கள். நிலைமையைச் சமாளிக்க நான் இரண்டு ரேசர்களின் அமைப்பையும் விளக்க ஆரம்பித்தேன். பிளேடின் இடைவெளி, கைப்பிடியின் கனம், அழுத்தும் விதம். பெண் பார்க்க வந்த இடத்தில் எந்த மாப்பிள்ளையும் அப்படிப் பேசியிருக்க மாட்டான். தேநீர் கொண்டுவந்த பெண் தட்டைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். பிறகு பெரியப்பாவிடம், "மூணு வாரம் கழிச்சு மீசையோட வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

மூன்று வாரமும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மீசையோடு மறுபடி போனோம். அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"போன தடவ இருந்த மூஞ்சிதான் நல்லா இருந்துச்சு."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவருடைய உயிரைப் பற்றிய விஷயம் அல்லவா. அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "எடுத்துக்கட்டும்லா. நான் இருக்கேன்னு நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று, உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், "நாந்தான் மாப்பிள்ளையோட அப்பா. நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. அதற்கு முதல் நாளே தன் ரேசரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பயண ரேசரை வாங்கிக்கொண்டார். வயதான தோலுக்கு அதுதான் சரியாம். நானும் அழுத்தாமல் சவரம் செய்யக் கற்றுக்கொண்டேன், தினமும் மீசையையும் சேர்த்து.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அன்றே சடங்குக்கு வந்த பார்பர் என் தலையில் பேருக்கு ஒரு கொத்து முடி எடுத்தார். பிறகு மீசைக்காகக் கத்தியை எடுத்தவர், அப்படியே நின்றார்.

"எடுக்க ஒண்ணும் இல்லையே, அண்ணே."

அதுவரை அழாமல் இருந்த நான் அப்போது அழுதேன்.